பல்லிடைத் தூரிகையும் முரசும்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பற்களுக்கு இடையில் செலுத்தித் துப்புரவாக்கும் சிறிய தூரிகையைச் சில ஆண்டுகளாக இரவில் தவறாமல் பயன்படுத்தி வருகிறேன். பல் மினுக்காமல் காலைத் தேநீரைத் தொட விடாத பெரியவர்கள் நிறைந்த ஊர் யாழ்ப்பாணம். அப்படியிருந்தும் முரசு (பல் ஈறு) வீங்கிப் பல் ஆடத் தொடங்கி, கடைவாய்ப் பற்களைப் பறிகொடுத்தவர்களை நம் உறவினர் நடுவிலேயே காண்கிறோம். சாதாரணத் தூரிகையின் தும்புகள் பல்லின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் மெல்லும் பரப்பையும் துடைக்கின்றனவே தவிர, இரண்டு பற்கள் நெருங்கி நிற்கும் இடுக்குக்குள் அவை போவதில்லை. அந்த இடுக்கில் நாள்தோறும் படியும் பற்படலமே முரசு நோயின் தொடக்கம்.

பற்படலம் என்பது கிருமிகள் ஒட்டி வளரும் மெல்லிய படிவு. மென்மையாக இருக்கும்வரை தூரிகையால் அகற்றிவிடலாம். விட்டுவைத்தால் உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் அதில் சேர்ந்து பற்காறையாக இறுகிவிடும். பிறகு பல் வைத்தியரின் கருவிதான் அதை எடுக்கவேண்டும். கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தில் காறை விரைவாகச் சேர்வதற்குக் காரணம், நாக்கின் அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அவ்விடத்தில் திறப்பதே.

நான் பயன்படுத்தும் தூரிகை, போத்தல் கழுவும் பிரஷ்ஷை விரல் நுனி அளவுக்குச் சுருக்கியது போன்றது: பிளாஸ்திக் பூசிய மெல்லிய கம்பி, அதைச் சுற்றி நுண்ணிய தும்புகள், பிடிக்க ஒரு சிறு காம்பு. முதல் நாட்களில் கடைவாய்ப் பற்களுக்கு இடையிலிருந்து வெளியே எடுத்தபோது தும்புகளில் இளஞ்சிவப்பாக இரத்தக் கறை இருந்தது. முகர்ந்தால் கெட்ட வாடையும் வந்தது. இரத்தத்தைக் கண்டதும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதே நம் வழக்கம். உண்மையில் அழற்சியடைந்த முரசுதான் அப்படிக் கசிகிறது. படலம் அங்கே இருக்கும்வரை அழற்சி ஆறாது. என்னைப் பார்த்த பல் வைத்தியரும் நிறுத்தாமல் மெதுவாகத் தொடரும்படியே சொன்னார். இரண்டொரு வாரங்களில் கசிவு நின்றது. வீங்கிச் சிவந்திருந்த முரசு நுனிகள் இறுகி வெளிறிய நிறத்துக்கு வந்தன. தொடர்ந்து கசிவு இருந்தாலோ பல் ஆடினாலோ, தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

அளவுதான் முக்கியம். கம்பி பல்லில் உரசாமல், தும்புகள் மட்டும் இலேசாகத் தடைபட்டு உள்ளே போகவேண்டும். என் வாயிலேயே பின்பற்களுக்கு ஓர் அளவும் முன்பற்களுக்கு அதைவிடச் சிறிய அளவும் தேவைப்படுகின்றன. பற்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் வலிந்து தள்ளுவது முரசைக் காயப்படுத்தும்; அங்கே பல்நூலே ஏற்றது. தென்னை ஈர்க்கையும் ஊக்கையும் கொண்டு பல் குத்தும் பழக்கத்தை இந்தக் காரணத்துக்காகவே கைவிடவேண்டும் என்று வற்புறுத்துவேன்: அவை சிக்கிய இறைச்சித் தும்பை எடுக்கும், படலத்தை எடுக்காது, முரசையும் கிழிக்கும்.

இரவில் இடுக்குகளைத் துப்புரவாக்கிய பிறகு, மென்மையான தும்புத் தூரிகையை முரசின் ஓரத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, சிறு அசைவுகளாக 2 நிமிடம் துலக்குகிறேன். புளோரைட்டு உள்ள பற்பசையே வேண்டும். வளர்ந்தவர்களுக்கான பற்பசையில் அதன் அளவு பொதுவாக 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய புளோரைட்டும் கழுவப்பட்டுப் போய்விடும்.

நம் உணவுப் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேநீர் குடிப்பது நமக்கு உயிர், பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பினாட்டும் அப்படியே. ஆனால் இனிப்பு வாய்க்கு வரும் ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான மிளிரி கரையத் தொடங்கும். அதனால் எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எத்தனை தடவை தின்கிறோம் என்பதும் பற்சூத்தையைத் தீர்மானிக்கிறது. பனங்கட்டியை நான் விடவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டு, இடையிடையே வாயில் அடக்குவதை நிறுத்தினேன். வெற்றிலைத் தட்டத்தைப் பொறுத்தவரை இப்படி இடைவழி இல்லை: புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மெல்லுவதே வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பது உறுதியாகியுள்ளது.

குறைகளும் உண்டு. கம்பி வளைந்துவிட்டாலோ தும்பு உதிர்ந்துவிட்டாலோ புதிது எடுக்கவேண்டும் என்பதால், சாதாரணத் தூரிகையைவிடச் செலவு கூடுதல். யாழ் நகரத்து மருந்துக் கடைகள் எல்லாவற்றிலும் எல்லா அளவும் கிடைப்பதில்லை. பல் வைத்தியரிடம் காறை எடுக்கும் அவசியமும் முற்றாக நீங்கவில்லை. ஆனால் அங்கே நாற்காலியில் இருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நீரிழிவு உள்ளவர்களுக்கு முரசு நோய் எளிதில் முற்றும். முற்றிய முரசு நோய் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை பல் வைத்தியரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, பல்லிடுக்குக்குப் பொருந்தும் அளவைக் கேட்டறிந்து வாங்கிக் கொடுங்கள்.