சவுக்கா, அடம்பனா?

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் பல இடங்களில் சவுக்குத்தான் நட்டார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் மரம் வைப்பதென்று யாராவது கதையெடுத்தாலும் முதலில் வாயில் வருவது அதுதான். காரணம் இருக்கிறது: கெதியாக வளரும், உப்புக்காற்றைத் தாங்கும், வேர்முடிச்சு நுண்ணுயிரால் காற்றின் நைதரசனையும் பிடிக்கும். விறகும் கிடைக்கும். நிழலுக்கும் காற்றுத்தடைக்கும் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் மணலைப் பிடிப்பது வேறு வேலை. சவுக்கின் கீழே போய் நின்று பாருங்கள்: சருகு மெத்தையாய்க் கிடக்கும், அதற்குள் வேறு பூண்டு முளைப்பது அரிது. அலை கரையை அரித்தால் மரம் வேரோடு சாயும். முட்டையிட வரும் ஆமைக்கும் அந்த வேர் இடைஞ்சல்.

மணலில் படரும் அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லும் கடலுக்கு முகங்கொடுக்கும் முன்வரிசைக்காரர். அடம்பன் கொடியை ஒருக்கால் தூக்கிப் பாருங்கள்; கணுவுக்குக் கணு வேர், மணலைக் கவ்வியபடி வரும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று சும்மாவா சொன்னார்கள்? இராவணன் மீசையை மணல் மூடினால் அது மூடிய மணலுக்கு மேலால் வளரும். மணல்மேடு உயர்வதே அப்படித்தான். பெண் செடியின் முள்ளுருண்டை காற்றில் உருண்டோடி விதை பரப்பும் (வெறுங்காலில் மிதித்தவர்களுக்குத் தெரியும்). இவற்றுக்குப் பின்னால்தான் தாழை.

செலவா? சவுக்குக்கு நாற்றுமேடையும் தண்ணீரும் வேண்டும். அடம்பன் தண்டை வெட்டி, மாரி தொடங்கும்போது அலை எட்டாத இடத்தில் புதைத்துவிடலாம். பிறகு அதன்மேல் உழவு இயந்திரம் ஓடாமலும், யாரும் மணல் அள்ளாமலும் பார்க்கவேண்டும், அதுதான் கஷ்டம். என் தெரிவு: முகப்பில் கொடியும் புல்லும். சவுக்கு வேண்டுமென்றால் மேட்டுக்குப் பின்னால், வேலியோரம்.