டேங்க் ஃபில்டர்: பொருள் நல்லது, ரப்பர் வளையம்தான் வில்லங்கம்

பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பன் கேட்டான்: "டேங்குக்குள்ள இருக்கிற பெட்ரோல் ஃபில்டரை மாத்தினியே, எப்படி இருக்கு? நானும் மாத்திடவா?" மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரில் ஒரு குறையும் இல்லை. பழையதை அறுத்துப் பார்த்தோம், உள்ளே தாள் மடிப்புகள் கன்னங்கரேலென்று இருந்தன. பினாங்குத் தீவில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில் ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு பேரோடு போனால் முன்பெல்லாம் கார் திணறும். மிதித்தாலும் இழுக்காது. இப்போது அந்த மேடு ஒரு விஷயமே இல்லை. இன்றுவரை அப்படித்தான்.

ஆனால் என் பொறுமையைச் சோதித்தது, டேங்குக்குள் ஃபில்டரோடு சேர்ந்து இருக்கும் பெட்ரோல் பம்பின் மூடிக்கும் டேங்க் வாய்க்கும் நடுவில் உட்காரும் அந்த ரப்பர் வளையம். பெட்ரோலிலும் அதன் ஆவியிலும் வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் ஊதிப்போயிருக்கும். கழற்றினால் பழைய பள்ளத்தில் திரும்ப உட்காராது. அதனால் திறந்தால் புதிதுதான் போட வேண்டும். சில வெள்ளிதான் (ரிங்கிட்) விலை. அதை ஃபில்டர் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தால் என்ன? நான் வாங்கிய பெட்டியில் இல்லை. முதலில் வேலை செய்த பட்டறையில் பழையதையே அமுக்கி வைத்து, சுற்றிலும் சிலிக்கோன் பசையைப் பூசி மூடிவிட்டார்கள். சாதாரண சிலிக்கோன் பெட்ரோலைத் தாங்காது. ஊறி, பிய்ந்து, டேங்குக்குள் விழுந்தால் பம்பின் அடியில் இருக்கும் வலையைத்தான் போய் அடைக்கும். இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

கொடுமை என்னவென்றால், அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. இந்த வேலையை டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கும்போதுதான் செய்வார்கள், அது சரியான முறைதான். ஆனால் மூடி இருப்பது டேங்கின் உச்சியில். பெட்ரோல் அந்த உயரத்தை எட்டாதவரை கசிவு வெளியே தெரியாது. முழுக்க ஊற்றிக்கொண்டு வளைந்து வளைந்து ஏறும்போதுதான் பின்சீட்டில் இருந்த அம்மா, "என்னய்யா, பெட்ரோல் நாத்தம் அடிக்குதே" என்றார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் மூடியைச் சுற்றி ஈரம். சீட்டுக்கு அடியில் பெட்ரோல், அதன் மேல் என் அம்மா. இதில் சமாதானம் சொல்ல என்ன இருக்கிறது?

சுங்கை ஆராவில் ஒரு ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன் மறுபடி எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, புது வளையம் போட்டுக் கொடுத்தார். அவர் வேலையில் எனக்குப் பிடித்தது பூட்டியது அல்ல, பூட்டியபின் சோதித்தது. பேட்டரி வயரை மாட்டி, எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்து, பம்ப் ஓடி நிற்கும் சத்தத்தைக் கேட்டார். அதையே சில தடவை செய்துவிட்டு டார்ச் அடித்துக் குழாய் இணைப்பைப் பார்த்தார். அப்புறம், "தம்பி, போய் ஃபுல்லா ஊத்திட்டு வாங்க, சீட்டை இப்ப மாட்ட வேணாம்" என்றார். முழு டேங்கோடு மேடு பள்ளமாக ஒரு சுற்று ஓட்டி, திரும்பவும் மூடியைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் சீட்டு உள்ளே போனது.

அவர் சொல்லித் தந்த இன்னொன்று: வெளியே ஒழுகாமல் உள்ளேயே கசியலாம். பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் கார்களில், அதன் சின்ன ரப்பர் வளையம் (ஓ-ரிங்) நசுங்கினாலோ விட்டுப்போனாலோ பெட்ரோல் திரும்ப டேங்குக்கே இறங்கிவிடும். வாசம் வராது, ஈரம் இருக்காது, ஆனால் காலையில் எஞ்சின் நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கும். அப்படி இருந்தால், முடுக்கும் முன் சாவியை இரண்டு மூன்று முறை 'ஆன்' செய்து பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால், இரவில் பிரஷர் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். மீட்டர் வைத்து அளந்தால் உறுதியாகிவிடும். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் பிரஷர் 3 முதல் 4 'பார்' (அழுத்தத்தின் அளவு) வரை இருக்கும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். பெட்ரோல் முள்ளையும் கவனியுங்கள். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று முள்ளுக்குச் சொல்லும் மிதவைக் கம்பி வளைந்திருந்தால் பாதி டேங்கிலேயே 'ஃபுல்' என்று பொய் சொல்லும்.

சரி, நண்பன் மாற்றலாமா? இவ்வளவு நன்றாக இழுக்கிறது என்று சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரண்தான், ஆனாலும் சொல்கிறேன்: வேண்டாம். உன் கார் திணறவில்லை, சர்வீஸ் புத்தகமும் மாற்றச் சொல்லவில்லை. ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் மூடியைத் திறக்காதே. என்றைக்காவது மேட்டில் இழுக்காமல் போனால் முதலில் பிரஷரை அளக்கச் சொல். குறைவாக இருந்து திறக்க வேண்டி வந்தால், புது வளையத்தை நீயே வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போ. அது உள்ளே போகும்வரை பக்கத்திலேயே நில்.