கியர் ஆயில் பார்க்க எது நம்பகம்: குச்சியா, ஓட்டையா, எஞ்சினோடு சேர்ந்ததா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்-3 (N3) நெடுஞ்சாலையில் ஏறி, வான் ரீனன் கணவாயைத் தாண்டி ஹாரிஸ்மித் போகிற மோட்டார் சைக்கிளுக்கு நோவு முதலில் கியர்பாக்ஸில்தான் தெரியும். கடல் மட்டத்தில் கிளம்பி 1,600 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். பக்கப்பெட்டி நிறையச் சாமான், பின்னால் ஒருவர், முன்னால் ஊர்ந்துபோகும் லாரி வரிசை. மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று மாற்றி மாற்றி ஏறும்போது பல்சக்கரங்களுக்கு நடுவே எண்ணெய் போதுமான அளவில் இருந்தே ஆகவேண்டும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர்கள் தூரப் பயணத்துக்கு வைத்திருக்கும் வண்டிகளை எடுத்துக்கொண்டால் மூன்று வகை அடிக்கடி கண்ணில் படும்: ஹார்லி டேவிட்சனின் டூரிங் வண்டிகள், பி.எம்.டபிள்யூ.வின் பழைய பாக்ஸர்கள் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் எஞ்சின் உள்ளவை), ஹோண்டா கோல்டு விங். மூன்றிலும் கியர் ஆயில் பார்க்கும் முறை வேறு. ஹார்லியில் அளவு குச்சி. பழைய பி.எம்.டபிள்யூ.வில் ஓட்டை, அதாவது எண்ணெய் ஊற்றும் ஓட்டையின் விளிம்பே அளவு. கோல்டு விங்கில் தனிக் கியர் ஆயிலே கிடையாது, எஞ்சின் ஆயிலேதான் கியர்பாக்ஸையும் நனைக்கிறது. எது நல்லது என்று கேட்டால் என் பதில் ஓட்டைதான். குச்சி தவறாகப் படிக்க இடம் கொடுக்கிறது. சேர்ந்த எண்ணெய் சுகமானது, ஆனால் கியர்பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்லாது.

குச்சியிலிருந்து தொடங்குகிறேன், சிக்கல் அதிகம் அங்கேதான். ஹார்லி டூரிங் வண்டியில் மூன்று எண்ணெய்கள் தனித்தனியாக இருக்கும்: எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் பிரைமரி அறைக்கு ஒன்று. ஆறு கியர் பெட்டி 2007 மாடலிலிருந்து டூரிங் வண்டிகளில் வருகிறது; அதில் போகும் எண்ணெய் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வலது பக்கம் ஒரு மூடி, அதன் அடியில் சிறு குச்சி, குச்சியில் இரண்டு கோடுகள். பார்க்க எளிது. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை தெரிய வேண்டும். வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டுமா, சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்க வேண்டுமா? குச்சியை முழுதும் திருகிவிட்டுப் பார்ப்பதா, மரையின் மேல் சும்மா வைத்துப் பார்ப்பதா?

சைட் ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். குச்சி வலப்பக்கம். எண்ணெய் இடப்பக்கம் ஒதுங்குவதால் குச்சியில் அளவு குறைவாகத் தெரியும். திருகாமல் வைத்தால் குச்சி மேலே தூக்கி நிற்கும், அப்போதும் குறைவாகத்தான் தெரியும். ஆக, நிமிர்த்தித் திருகிப் பார்க்க வேண்டிய வண்டியைச் சாய்த்து, குச்சியை வெறுமனே வைத்துப் பார்த்தால் இரண்டு பிழையும் ஒரே திசையில் கூடிவிடும். எண்ணெய் சரியாக இருக்கும்போதே குறைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றிவிடுவோம். தலைகீழாகச் செய்தால் உண்மையிலேயே குறைந்திருப்பது தெரியாமல் போகும். இந்த விதி எல்லா ஆண்டு மாடலுக்கும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் எப்படிப் பார்த்தார் என்பது உங்கள் வண்டிக்கு ஆதாரமாகாது. உங்கள் ஆண்டின் கையேட்டைத் திறந்து அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும்.

இன்னொன்று: ஓடி வந்து நிறுத்திய கையோடு பார்க்கக் கூடாது. எண்ணெய் பற்களிலும் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், கீழே வடிய நேரம் ஆகும். பல மாடல்களில் எஞ்சின் ஆயில் ஊற்றும் வாயும் கியர் ஆயில் மூடியும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதையும் கவனிக்க வேண்டும். அடியில் வடிக்கும் போல்ட்டுகளும் அப்படித்தான். எது எதுவென்று வண்ணம் பூசி அடையாளம் வைத்துக்கொள்வது வீண் வேலை அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும் குச்சிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அளவு கூடினால் காட்டும். ஒரு தம்பி கேட்டான்:

"அண்ணே, போன மாசம் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்துச்சு. இப்ப மேல்கோட்டைத் தாண்டி நிக்குது. நான் சொட்டுகூட ஊத்தலையே?"

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் நிறுத்திப் பாத்தியா?"

"ஆமாண்ணே, கையேட்டுல இருக்கிறபடிதான்."

"அப்ப பிரைமரியத் திறந்து பாரு தம்பி."

ஊற்றாத எண்ணெய் கூடுகிறதென்றால் அது பக்கத்து அறையிலிருந்து வருகிறது என்று பொருள். பிரைமரி அறைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மெயின் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு போகிறது. அதைச் சுற்றி சீல், அதற்குள்ளே கிளட்சைத் தள்ளும் கம்பி. வண்டி சூடாகும்போது பிரைமரியில் காற்றழுத்தம் ஏறினால் எண்ணெய் அந்த வழியாகக் கியர்பாக்ஸுக்கு நகரலாம். அப்போது கியர்பாக்ஸ் நிரம்பி நுரைக்கும், காற்றுத்துளை வழியாகக் கசியும். அதைவிடக் கெடுதல் மறுபக்கம்: பிரைமரியில் சங்கிலியும் கிளட்சும் வறண்டு ஓடும். பிரைமரியைப் பார்க்க வண்டியை நிமிர்த்தி, இடப்பக்கத்துக் கிளட்ச் மூடியைக் கழற்ற வேண்டும். எண்ணெய் கிளட்சின் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் (வட்டத் தகடு போன்ற ஸ்பிரிங்) அடிவிளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் அடுத்த முறை மாற்றும்போது பிரைமரியில் சிவப்பு நிற எண்ணெய் ஊற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கியர்பாக்ஸ் குச்சி சிவந்திருந்தால் வழி தெரிந்துவிட்டது. மேல்கோட்டைத் தாண்டியதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பயணம் கிளம்புவது ஆபத்து.

இனி ஓட்டை. 2012 வரை வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 1200 ஜி.எஸ்., அதற்கு முந்தைய ஆர் 1150, அதற்கும் முந்தைய காற்றுக் குளிர்விப்பு பாக்ஸர்கள் எல்லாவற்றிலும் கியர்பாக்ஸ் தனி அறை, தனி எண்ணெய். குச்சி இல்லை. ஊற்றும் ஓட்டையின் அடிவிளிம்புதான் அளவு. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, ஆலன் கீயால் மூடியைக் கழற்றினால் எண்ணெய் மரையின் கீழ்விளிம்பில் பளபளவென்று நிற்க வேண்டும். விரல் நுனியை உள்ளே விட்டு வளைத்தால் நனைய வேண்டும். நனையவில்லை என்றால் குறைவு, வழிந்தால் அதிகம். திருகுவதா வைப்பதா என்ற வாதத்துக்கே இடமில்லை. இந்த முறையை நான் விரும்புவது அதனால்தான். ஓட்டைப் பக்கம் வண்டி சாய்ந்தால் நல்ல எண்ணெய் வெளியே வழியும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கூடுதலாக ஏற்றிவிடுவோம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். கொல்லைப்புற சிமெண்ட் தளம் பெரும்பாலும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போட்டிருக்கும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

எண்ணெய் மாற்றும்போது மேல் மூடியை முதலில் கழற்றிவிட்டுத்தான் அடி போல்ட்டைத் தொட வேண்டும். முழுக்க வடித்த பிறகு மேல் மூடி இறுகிக்கொண்டு வரவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

அந்தப் பழைய பாக்ஸர்களில் இன்னொரு வசதியும் உண்டு. கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர் வகை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே அடியில் எண்ணெய் சொட்டினால் எந்தப் பக்கத்து சீல் போனது என்று மூக்கே சொல்லிவிடும். இந்தப் பெட்டிகளில் பொதுவாக ஊற்றும் 80டபிள்யூ-90 கெட்டித்தன்மை, ஜி.எல்.-5 தரம் கொண்ட கியர் எண்ணெயில் கந்தகச் சேர்மானம் உண்டு. குப்பென்று ஒரு காட்டமான வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் கியர்பாக்ஸின் முன் சீல். சாதாரண எஞ்சின் ஆயில் வாடை என்றால் எஞ்சினின் கிராங்க் பக்கத்து சீல். எதுவானாலும் கிளட்ச் தட்டு நனைந்து வழுக்குவதற்குள் பிரித்தாக வேண்டும், அது பெரிய வேலை. ஆனால் எதைப் பிரிக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்திருப்பது பட்டறையில் நேரத்தையும் ரேண்டையும் மிச்சப்படுத்தும்.

கோல்டு விங்குக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்த்தால் முடிந்தது. 2013 மாடலிலிருந்து வந்த நீர்க் குளிர்விப்பு ஆர் 1200 ஜி.எஸ்.ஸும் இந்த அணிக்கு மாறிவிட்டது: எண்ணெயில் நனையும் கிளட்ச், எஞ்சினோடு சேர்ந்த எண்ணெய். ஒரே கேன், ஒரே வடிகட்டல். ஆனால் அளவு குறைந்தால் எஞ்சின் எரித்ததா, சீல் கசிந்ததா என்று அந்த அளவு பிரித்துச் சொல்லாது. பல்சக்கரங்கள் எண்ணெயை நசுக்கி அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துக்கொண்டே வரும். அளவு சரியாக இருந்தும் கியர் விழுவது முரடாகிறது என்றால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்.ஏ. முத்திரை இல்லாத, எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயிலை இதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் உள்ள கோல்டு விங்கில் எஞ்சின் வடிகட்டி தவிரக் கிளட்சுக்குத் தனியாக இன்னொரு வடிகட்டியும் இருப்பதை மறந்துவிட வேண்டாம். பின்சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவில் மட்டும் கோல்டு விங்கும் ஓட்டை முறைக்கே வருகிறது, விளிம்பு வரை எண்ணெய்.

எந்த முறையானாலும் அளவு பார்த்து முடித்த பிறகும் கோளாறு தீராத நேரம் உண்டு. சூடான வண்டியில் நியூட்ரல் விழ மறுத்தால், முதல் கியர் போடும்போது வண்டி முன்னால் எகிறினால், கியர் ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று பாருங்கள்: கேபிள் தளர்ச்சி, ஹைட்ராலிக் குழாயில் புகுந்த காற்று. குளிர்காலமான ஜூன், ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் விடியற்காலை முதல் சில கியர்கள் கட்டையாக இருப்பது குளிரில் எண்ணெய் கெட்டியானதால்தான்; பத்து கிலோமீட்டரில் சரியாகிவிடும். அந்த மலை லேசுப்பட்டதல்ல. 2024 செப்டம்பரில் பனி பொழிந்து வான் ரீனன் பக்கம் என்-3 நெடுஞ்சாலை அடைபட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கடலோர ஈரக்காற்றில் வாரக்கணக்கில் நின்று, கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் கியர்பாக்ஸ் சூடாகி அந்த ஈரம் ஆவியாக வாய்ப்பே கிடைக்காது. காந்தம் வைத்த வடி போல்ட்டில் சாம்பல் நிற மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் உறுத்தும் துணுக்கு என்றால் பல் உடைகிறது. காந்தம் வெண்கலத்தையும் அலுமினியத்தையும் பிடிக்காது, அதனால் வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்த்து மினுமினுப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இந்தச் சோதனை தனி எண்ணெய் உள்ள வண்டிகளில்தான் முழுப் பயன் தரும். கோல்டு விங்கில் கிடைத்த துணுக்கு ஆறு சிலிண்டர்ப் பக்கத்திலிருந்து வந்ததா, கியர்ப் பக்கத்திலிருந்து வந்ததா என்று அடுத்து ஒரு தேடல் இருக்கிறது.

வண்டியைத் தானே பிரித்துப் பார்ப்பவருக்கும், பழைய வண்டி வாங்கப்போகிறவருக்கும் நான் தனி எண்ணெய், ஓட்டை அளவு உள்ள பாக்ஸரையே சொல்வேன். வருடத்துக்கு இரண்டு நீண்ட பயணம், மற்றபடி பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார் என்றால் கோல்டு விங் போதும். ஹார்லிதான் மனதுக்குப் பிடித்தது என்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை குச்சி பார்த்த பிறகும் தேதி, கிலோமீட்டர், வண்டி நின்ற நிலை, கோடு எங்கே நின்றது என்று நான்கையும் கையேட்டின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். கியர்பாக்ஸ் கோடு நகர்ந்திருந்தால் அன்றைக்கே பிரைமரி மூடியையும் கழற்றுங்கள், அதற்கான புதிய ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பக்கப்பெட்டியில் எப்போதும் வைத்திருங்கள்.