ஆஃபீஸ் தொகுப்பைப் "பிரித்துத் தருகிறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள்

கோயம்புத்தூர்ப் பகுதியில் சிறு நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டரும் மென்பொருளும் சப்ளை செய்யும் ஒருவர், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் உரிமம் என்ற பெயரில் எங்களுக்கு வெறும் எண்களை விற்றுவிட்டுப் போனார். அதே ஆள் இப்போது பக்கத்து நிறுவனங்களுக்கும் கொட்டேஷன் அனுப்புவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இந்தப் பதிவு.

பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது; கணக்கும் அலுவலக நிர்வாகமும் என் பொறுப்பு. எல்லா மேசைக்கும் வேர்டும் எக்செலும் வேண்டும். ஸ்டோர்ஸ் கணக்கு, அக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. டிசைன் பிரிவில், வரைபடம் போடும் விசியோ கேட்டார்கள். அவர் சொன்ன யோசனை இதுதான்: "எல்லாருக்கும் முழு ஆஃபீஸ் எதற்கு மேடம்? 2021 புரொஃபஷனல் பிளஸ் சில செட் வாங்குங்கள். அக்செஸை ஸ்டோர்ஸுக்கு, வேர்ட் எக்செலை மற்றவர்களுக்கு என்று நான் பிரித்துப் போட்டுத் தருகிறேன். விசியோவும் அதிலேயே வந்துவிடும். லைஃப்டைம்."

இதில் ஒரு வாக்கியம்கூட உண்மை இல்லை. ஆஃபீஸ் தொகுப்பு எத்தனை செயலிகளைக் கொண்டிருந்தாலும் உரிமம் ஒன்றுதான். அதன் பாகங்களைத் தனித்தனிக் கணினிகளில் பரப்பிக்கொள்ள அந்த உரிமம் இடம் தருவதில்லை. ஒரு பஸ் டிக்கெட்டை இரண்டாகக் கிழித்து இருவர் பயணம் செய்ய முடியுமா? விசியோவோ எந்த ஆஃபீஸ் தொகுப்பிலும் சேர்ந்ததில்லை. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வாங்கிய அந்த மென்பொருளைக் கணினியில் நிறுவ இன்றுவரை தனி உரிமம்தான். அக்செஸ் மட்டும் பதிப்பைப் பொறுத்தது: ஹோம் அண்ட் பிசினஸ் 2021இல் கிடையாது, புரொஃபஷனலில் உண்டு.

முதலில் சிக்கியது ஹார்ட் டிஸ்க் மாற்றிய ஒரு கணினி. மறுபடி நிறுவியபோது கீ, அதாவது ஆஃபீஸைச் செயல்படுத்த அவர் தந்த எண், ஏற்கப்படவில்லை. "சர்வரில் பிரச்சினை மேடம், நாளைக்குச் சரியாகிவிடும்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. பிறகு, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி நெருங்கும் நேரத்தில், கணக்குப் பிரிவுக் கணினிகளில் எக்செலின் மேல்பட்டை சிவந்து, திறக்கும்போதெல்லாம் உரிமம் இல்லை என்ற அறிவிப்பு வரத் தொடங்கியது. அதன் பிறகு அவர் போனை எடுப்பதும் நின்றது.

வேறொரு டெக்னீஷியனை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். ஆஃபீஸ் நிறுவிய ஃபோல்டரிலேயே ஓஎஸ்பிபி என்றொரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்டேட்டஸ் என்ற கட்டளையோடு அதை ஓட்டினால், உரிமத்தின் பெயர், அது எந்த வகை, கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் எல்லாம் திரையில் வரும். எங்கள் கணினிகளில் பாதிக்கு வந்தது ஒரே ஐந்து எழுத்துகள். வகை 'வால்யூம் எம்ஏகே'. ஒரு நிறுவனம் தன் ஒப்பந்தத்தின் கீழ், தன் சொந்தக் கணினிகளுக்காக, இத்தனை தடவை என்ற வரம்போடு பெறும் கீ அது. யாருடைய கீ என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வரம்பு தீர்ந்துவிட்டதால்தான் ஹார்ட் டிஸ்க் மாற்றிய கணினியில் ஏறவில்லை.

மீதிக் கணினிகளின் கதை இன்னும் மோசம். அவற்றில் இருந்தது 'கேஎம்எஸ்' வகை. முறையாக நடக்கும் இடத்தில், நிறுவனத்தின் சொந்த சர்வர் ஒன்று 180 நாள் செல்லுபடியாகும் அனுமதியைத் தந்து, அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எங்களிடம் ஏது சர்வர்? கணினிக்குள்ளேயே போலி சர்வர் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். ஆன்டிவைரஸ் அதைப் பிடிக்காமலிருக்க, அந்த ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கியும் வைத்திருந்தார். புதிய ஆன்டிவைரஸ் போட்டபோது போலி சர்வர் அழிந்தது. 180 நாள் முடிந்ததும் பட்டை சிவந்தது. பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான். சம்பளப் பட்டியலும் வங்கி விவரமும் இருக்கும் கணினியில், காவல் பார்க்காத ஓர் அறையைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பில்லை எடுத்துப் பார்த்தால் அதுவும் ஒரு கைவேலை. "சாஃப்ட்வேர் அண்ட் சர்வீஸ்" என்று ஒரே வரி. பதிப்பின் பெயர் இல்லை, எண்ணிக்கை இல்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் வாங்கியிருக்கிறார். ஆனால் போட்ட குறியீடு 998713, அதாவது கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு. மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமத்துக்கான குறியீடு 997331. நாளைக்கு யாராவது கேட்டால், "நான் மென்பொருளே விற்கவில்லை" என்று சொல்ல வழி செய்துகொண்டுதான் பில் போட்டிருக்கிறார்.

நேரில் போனபோது இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, ஐரோப்பிய நீதிமன்றமே பழைய உரிமத்தை விற்கலாம் என்று சொல்லிவிட்டதாம். அது 2012இல் யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் வந்த தீர்ப்பு; ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் பற்றியது. மொத்தமாக வாங்கிய உரிமத்தில் மிஞ்சியதைப் பிரித்து விற்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பகுதி அவருக்கு நினைவில்லை. இரண்டாவது பதில் மிரட்டல்: "புகார் கொடுத்தால் மாட்டுவது நீங்கள்தான்." இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. 'தெரிந்தே' என்பதுதான் அதில் முக்கியம். தெரிந்த அன்றே எல்லாவற்றையும் நீக்கி, நீக்கியதற்கான பதிவையும் எடுத்து வைத்தோம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று விசாரித்தேன். வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை 2019 சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை என்று எங்கள் வழக்கறிஞர் விளக்கினார். எனவே நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். விசியோவுக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்திருக்கிறார். கடிதமும் பட்டியலும் மட்டும் அடிக்கும் மேசைகளில் இப்போது இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் ஓடுகிறது. மற்றவற்றுக்குக் கணினிக்கு ஒன்றாகப் புது உரிமம் வாங்கினோம்.

ஆஃபீஸ் 2021க்கான ஆதரவு 2026 அக்டோபர் 13உடன் முடிகிறது. அதைக் காட்டி "அப்கிரேட்" என்று பேசத் தொடங்கியிருக்கிறாராம். உங்களிடம் வந்தால், பதிப்பின் பெயர், எத்தனை கணினிக்கு, சில்லறை உரிமமா வால்யூம் உரிமமா, வால்யூம் என்றால் ஒப்பந்தம் யார் பெயரில் என்பதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அவர் கடைசிவரை எழுதித் தரவில்லை.