சந்தா நின்றபின் மின்னிதழ்கள்: பழைய ஆண்டுகள் யாருடையவை?

அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்வு மின்னிதழ்களை மொத்தமாகத் திறந்துவிடும் தேசியச் சந்தாவான 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரியில் தொடங்கியபின், சொந்தச் சந்தாக்களை நிறுத்திய அரசுக் கல்லூரி நூலகர் ஒருவர் கேட்டார்: "ஏற்கனவே காசு கட்டின வருஷங்கள் என்ன ஆகும்?"

நிரந்தர உரிமையோடு, அதாவது காசு கட்டிய ஆண்டுகளை எப்போதும் படிக்கலாம் என்ற உரிமையோடு வாங்கிய இதழ்கள், சந்தா நின்று பல ஆண்டுகள் ஆனபிறகும் வளாக ஐபியில் (கல்லூரியின் இணைய முகவரி எண்ணில்) பிடிஎஃப் வரை ஒழுங்காகத் திறக்கின்றன. பல பதிப்பகங்கள் இணையதளத்தைப் பயன்படுத்துவதற்கான தளக் கட்டணம்கூடக் கேட்பதில்லை. அச்சு இதழைத் தைத்து அலமாரியில் வைத்ததற்குச் சமமான நிம்மதி இது.

ஆனால் எந்த இதழில் எந்த ஆண்டுகள் நம்முடையவை என்ற பட்டியலை யாரும் தாமாகத் தருவதில்லை. இது எனக்குத் தீராத எரிச்சல். தொகுப்புச் சந்தாவில் நூற்றுக்கணக்கான இதழ்கள் திறந்திருக்கும். நிரந்தர உரிமையோ பெரும்பாலும் தனியாக விலை கொடுத்த சிலவற்றுக்கு மட்டும்தான், மற்றவை வாடகை. சந்தாவோடு சலுகையாகத் திறந்த முந்தைய ஆண்டுகளும் பெரும்பாலும் போய்விடும்.

சோதித்துப் பார்க்கலாம் என்றால் அதிலும் சிக்கல். ஜனவரியில் எல்லாம் திறக்கும், ஏனென்றால் பல பதிப்பகங்கள் சில மாதம் சலுகைக் காலம் விட்டுவைக்கின்றன. ஏப்ரலுக்குப் பிறகு பாருங்கள். முதல் ஆண்டு, நடு ஆண்டு, கடைசி ஆண்டிலிருந்து ஒவ்வொரு கட்டுரை. சுருக்கம் போதாது, பிடிஎஃப் இறங்க வேண்டும். ஓப்பன் ஆக்சஸ் கட்டுரையை எடுக்காதீர்கள், அது எவருக்கும் திறக்கும். தேசியச் சந்தாவில் உள்ள இதழ் என்றால் இந்தச் சோதனையே செல்லாது: அதே ஐபி, எந்த உரிமையில் திறந்தது என்று தெரியாது. 2027-க்குப் பிறகு அந்தச் சந்தா தொடராவிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே இப்போதே இதழ்ப் பெயர், ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண், தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு போட்டுப் பதிப்பகத்திடம் மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். இன்வாய்ஸ், லைசென்ஸ் நகல்களை அதோடு சேர்த்து வையுங்கள். இதழ் வேறு பதிப்பகத்துக்குக் கைமாறினாலோ, இணைய நிறுவனத்தை மாற்றி ஐபி மாறினாலோ கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தேடும் கட்டுரைக்கு வாசகரை அழைத்துப்போகும் மென்பொருள் லிங்க் ரிசால்வர்; எந்த இதழ் எந்தத் தேதிவரை நம்மிடம் உண்டு என்று அதற்குச் சொல்லும் பட்டியல் கேபார்ட் கோப்பு. அதில் கடைசி இதழ்த் தேதி காலியாக இருந்தால், இதழ் இன்றுவரை கிடைப்பதாக அர்த்தம். 2024-ஓடு சந்தா நின்ற இதழுக்கு அங்கே 2024-12-31 போடாவிட்டால், 2025 கட்டுரை தேடும் மாணவர் நேராகப் பேவாலில், அதாவது காசு கேட்கும் பக்கத்தில் போய் முட்டுவார். தானியங்கிப் புதுப்பிப்பு அந்தத் தேதியை அழிக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

இவ்வளவு பாராட்டியும் சொல்கிறேன்: ஆண்டுவாரிப் பட்டியலை ஒப்பந்தத்திலேயே இணைக்காத நிரந்தர உரிமைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.