கெட்டில்வெல் சோளக்கொல்லை பொம்மைத் திருவிழா: காரில் போகாதீர்கள், நடந்து போங்கள்

ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் இருப்பவர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களும் ஒரு நாளை ஒதுக்கி யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற பள்ளத்தாக்குப் பகுதியில் இருக்கும் கெட்டில்வெல் கிராமத்துக்குப் போய் வாருங்கள். ஆகஸ்ட் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஊர் முழுக்க சோளக்கொல்லை பொம்மைகள் நிற்கும். 1994-இல் தொடங்கிய திருவிழா இது. நாங்கள் லீட்ஸிலிருந்து மூன்று பேர் போனோம், நானும் வீட்டுக்காரரும் எட்டு வயது மகளும். அதற்கு முந்தைய வருடம் காரில் போய் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தோம், இந்த முறை கிராசிங்டன் என்ற பக்கத்து ஊரிலிருந்து நடந்தே போனோம். இரண்டும் ஒன்றே அல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லீட்ஸிலிருந்து ஸ்கிப்டனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து 72-ஆம் எண் பேருந்து கிராசிங்டனுக்குப் போகிறது. கிராசிங்டன் சதுக்கத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, கழிவறைக்கும் போய்விட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் அடுத்த 6 மைலுக்கு, அதாவது கிட்டத்தட்ட 10 கிலோமீட்டருக்கு, கடையும் கிடையாது, கழிவறையும் கிடையாது, மரநிழல்கூட அதிகம் கிடையாது. பாதை தொலைந்துவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். இல்க்லியிலிருந்து விண்டர்மியர் ஏரிக்கரைவரை போகும் டேல்ஸ் வே என்ற நெடும்பாதையின் ஒரு துண்டுதான் இது, கைகாட்டிகள் இருக்கின்றன.

ஊரைத் தாண்டியதும் மேய்ச்சல் நிலம். கற்சுவர் வந்தால் அதில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டிருப்பார்கள், சில இடங்களில் சுவரிலேயே படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆடு மாடு தாண்டாது, மனிதன் தாண்டலாம், அந்தக் கணக்கு. அந்தச் சுவர்களில் சாந்து என்று எதுவும் இல்லை, கல்மேல் கல்லாக அடுக்கியதுதான், ஆனாலும் பல தலைமுறைகளாக அப்படியே நிற்கின்றன. காலடியில் புல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் எட்டிப் பார்க்கும். 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இடம் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலாக இருந்தது, அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகித்தான் இந்தக் கல் ஆனது என்று வீட்டுக்காரர் மகளுக்குச் சொல்ல, அவள் அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள், எங்கள் நடை அரை மணி நேரம் நீண்டது. நீளட்டும், அதற்குத்தானே வந்தோம்.

பாதிக்கு மேல் போனதும் கானிஸ்டன் பை என்ற பாறை வரும். வட்டமாக, மேலே மாவு மூடி போட்டுச் சுடும் ‘பை’ (pie) என்ற ஆங்கிலப் பலகாரம்போல இருப்பதால் அந்தப் பெயர். இங்கே கட்டாயம் உட்காருங்கள். கீழே வார்ஃப் ஆறு வளைந்து வளைந்து போகிறது, எதிர்ப்பக்கம் கில்ன்சி பாறை ஆற்றுச் சமவெளியை நோக்கி நெற்றியை நீட்டிக்கொண்டு நிற்கிறது, பனியாறு அரித்துவிட்டுப் போன மிச்சம் அது. கொஞ்சம் தள்ளி லிட்டன்டேல் பள்ளத்தாக்கு வந்து வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்கான வார்ஃப்டேலோடு சேரும் இடமும் தெரியும். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டு போயிருந்தோம், அந்தக் காற்றில் அதைச் சாப்பிட்டதை நான் மறக்க மாட்டேன்.

அங்கிருந்து இறக்கம்தான். கொஞ்ச தூரம் தார்ச்சாலை, அப்புறம் மறுபடியும் வயல்கள், அடுத்தடுத்து இடுக்குச் சுவர்கள். ஊருக்குள் நுழையும் முன்பே முதல் பொம்மையைப் பார்த்துவிட்டோம். ஒரு சுவரின் மேல் ரப்பர் பூட்ஸ் மாட்டிய இரண்டு கால்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன, கிட்டே போனால்தான் சுவருக்கு அந்தப் பக்கம் தலைகீழாகக் கிடக்கும் மீதி உடம்பு தெரிகிறது. மூன்றரை மணி நேரம் ஆடுகளை மட்டுமே பார்த்து வந்த கண்ணுக்கு அது நிஜமாகவே ஒரு ஆள் விழுந்து கிடப்பதுபோல இருந்தது, மகள் ஓடியே போய்விட்டாள். காரில் வந்தபோது இதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஊருக்குள் போய் முதலில் துப்புத்தாளை வாங்குங்கள், சில பவுண்டுகள்தான். அதில் உள்ள விடுகதைகளை ஒவ்வொரு பொம்மையாகத் தேடிப்போய் அவிழ்க்க வேண்டும். விடுகதைகளில் பாதி ஆங்கிலச் சிலேடை, மீதி இங்கே குழந்தைகள் படிக்கும் பாட்டும் கதையும், அதனால் நம் ஊரில் படித்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் சிரமமாக இருந்தது, இங்கேயே பள்ளிக்குப் போகும் மகள்தான் மளமளவென்று விடை சொன்னாள். அப்பா அம்மாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்ற பெருமை அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்தது.

பொம்மைகளைப் பற்றி என்ன சொல்ல! ஓடைக்கு நடுவில் தூண்டில் போட்டபடி ஒருவர், தோட்டத்தில் துணி காயப்போடும் பாட்டி, கூரை ஏணியில் பாதியில் நிற்கும் கொத்தனார், வாசலில் தேநீர்க் கோப்பையோடு ஒரு முழுக் குடும்பம். எதுவும் கடையில் வாங்கியது இல்லை. ஒரு வீட்டு வாசலில் தன் பொம்மையின் கையைச் சரிசெய்துகொண்டிருந்த பெண்மணியிடம் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன், வேலையை நிறுத்திவிட்டுக் காட்டினார். உள்ளே மரச்சட்டம், மார்புக்குக் கம்பி வலை, தலைக்குப் பழைய தலையணை உறை. வைக்கோலை அப்படியே திணித்தால் இங்கே பெய்யும் மழைக்கு இரண்டே நாளில் ஊறித் தலை தொங்கிவிடுமாம், அதனால் பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் உள்ளே வைக்கிறார். கையுறைகளில் மணல், காற்றில் தூக்காமல் இருப்பதற்கு. எங்கள் தாத்தா கொல்லையில் இரண்டு குச்சியைக் குறுக்கே கட்டி, பழைய சட்டையை மாட்டி, கரிச்சட்டியைக் கவிழ்த்துச் சுண்ணாம்பால் கண் வைப்பார், அது குருவி விரட்ட. இவர்கள் பொம்மைகள் யாரையும் விரட்ட நிற்கவில்லை, வரவேற்க நிற்கின்றன.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சுமார் 300 பேர் மட்டுமே வாழும் மலையோரக் கிராமம் இது. பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காகத்தான் திருவிழாவையே ஆரம்பித்தார்கள், இன்றும் வரும் பணம் பள்ளி, தேவாலயம், ஊர் மண்டபம் என்று ஊருக்கே போகிறது. வீட்டு விலை ஏறி, இளைஞர்கள் வெளியே போய், பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடப்படும் பயம் டேல்ஸ் கிராமங்கள் பலவற்றுக்கும் உண்டு. அதனால் துப்புத்தாள் வாங்காமல் சும்மா சுற்றிப் படமெடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், தயவுசெய்து. தேநீரும் கேக்கும்கூட ஊர் மக்கள் விற்கும் இடத்திலேயே வாங்குங்கள், அந்த எலுமிச்சை கேக் அருமை.

குறைகளும் உண்டு. மதியம் 12 மணிக்கு மேல் கூட்டம் தாங்காது, குறுகலான பாலத்தில் கார்கள் எதிரெதிரே சிக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கும் வழி இல்லாமல் போகிறது. பெண்கள் கழிவறை வரிசையில் கால் மணி நேரம் நின்றேன். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அதிகத் தேர்வு இல்லை, நாங்கள் உட்கார்ந்த ஒரு இடத்தில் சைவம் என்று கேட்டும் மீன் வைத்த ரொட்டி வந்தது, சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அரை மணி நேரம் பசியோடு காத்திருந்தோம். சக்கர நாற்காலிக்கோ குழந்தை வண்டிக்கோ அந்த நடைபாதை ஒத்துவராது, அப்படிப்பட்டவர்கள் பேருந்திலேயே நேராகக் கெட்டில்வெல் வந்துவிடலாம், ஊருக்குள் பெரும்பகுதி சமதரைதான்.

காலை 9 மணிக்குள் கிராசிங்டனிலிருந்து கிளம்பிவிடுங்கள். நல்ல பிடிமானமுள்ள காலணி வேண்டும், ஈரமான சுண்ணாம்புக்கல் சோப்புபோல வழுக்கும். வெயிலடித்தாலும் மழைச்சட்டை பையில் இருக்கட்டும். கன்றோடு நிற்கும் மாடுகளைச் சுற்றிப் போங்கள், நடுவே புகாதீர்கள், திறந்த கேட்டை மறக்காமல் மூடுங்கள். திரும்பி வரும் கடைசிப் பேருந்து இந்தப் பக்கம் சீக்கிரமே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை நேரமும் வேறு, அதனால் கிளம்பும் முன்பே நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேருந்துக்காக நின்ற இடத்துக்கு எதிரிலேயே, இரண்டு முறை கடந்துபோயும் நாங்கள் கவனிக்காத கடைசிப் பொம்மை ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தது. பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மகள் அதன் விடையையும் எழுதி முடித்தாள்.