கையடக்கப் பொட்டென்ஷியோஸ்டாட்: மாத்திரைக்குச் சரி, சிறுநீருக்கு யோசியுங்கள்

எங்கள் ஆய்வகத்திற்கு வந்த நாளிலிருந்து மின்னழுத்தத்தை மாற்றி, கரைசலில் எழும் மின்னோட்டத்தை அளக்கும் இந்தக் குட்டிப் பொட்டென்ஷியோஸ்டாட்டுக்கு ஓய்வே இல்லை. பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்து, பி.எச். 7 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் கரைத்து வடிகட்டி, அச்சிட்ட கார்பன் பட்டையில் ஒரு சொட்டு விட்டால் போதும். பாராசிட்டமால் ஆக்சிஜனேற்றம் அடைவதைக் காட்டும் கூரான மின்னோட்ட உச்சி திரையில் எழுகிறது. மாத்திரையில் காஃபீன் கலந்திருந்தாலும் கவலையில்லை. அது மிக உயர்ந்த மின்னழுத்தத்தில்தான் ஆக்சிஜனேற்றம் அடையும். எச்.பி.எல்.சி. என்ற பெரிய திரவப் பிரிப்புக் கருவிக்குக் கரைப்பான் தயாராவதற்குள் இங்கே விடை கிடைத்துவிடுகிறது.

சிறுநீர் மாதிரி என்றால் கதை வேறு. யூரிக் அமிலத்தின் உச்சி பாராசிட்டமாலை ஒட்டியே வந்து குழப்புகிறது. யூரிக் அமிலம் தரும் எதிர்மின் அயனிகளை விலக்கும் நாஃபியான் என்ற பாலிமர் பூச்சு ஓரளவு உதவும். அதைத் தனியாக வாங்க வேண்டும் என்பதுதான் எரிச்சல்.

பெரிய குறை, மின்னழுத்தத்தை அளக்க அடிப்படையாக இருக்கும் ஒப்பீட்டு மின்முனை. வெறும் வெள்ளி மை அச்சு! கரைசலில் குளோரைடு அளவு மாறினால் உச்சியும் இடம் மாறும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாதிரி, தரக் கரைசல் (ஒப்பிடுவதற்கான, செறிவு தெரிந்த கரைசல்) அனைத்திலும் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துவிடுங்கள். பட்டையைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். கார்பன் பரப்பில் படிவு ஒட்டி மின்னோட்டம் குறைந்துகொண்டே போகிறது.